மேடை இருக்கிறது, பாடவேளை எங்கே?

தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடக்கும் போட்டிகள் இவை. ஆண்டுவிழா ஆட்டபாட்டத்தைப் பெரிதாக்கியதுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சாவு வீட்டுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட பறையை ஒரு மாணவி சீருடையோடு பள்ளி மேடையில் அடிக்கிறாள். தலைமையாசிரியர் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறார். சமத்துவம் பற்றிய பாடம் பத்துப் பக்கத்தில் சொல்ல முயல்வதை அந்தக் காட்சி எளிதாகச் சொல்லிவிடுகிறது. மதிப்பெண்ணில் பின்தங்கிய பிள்ளைக்கும் ஊரில் ஒரு பெயர் கிடைக்கிறது.

ஆனால் போட்டி திறமையைத் தேர்ந்தெடுக்கும், கற்றுத் தராது. வீட்டில் கலைப் பின்னணி உள்ள பிள்ளையும், காசு கொடுத்து வெளியே பயிற்சி பெறும் பிள்ளையும் முன்னுக்கு வருகிறார்கள். மற்றவர்களுக்குச் செல்போனில் ஒரு நடன வீடியோவைப் போட்டு அவசரப் பயிற்சி. அதிலும் சேராதவர்களுக்கு நாற்காலி தூக்கும் வேலை. பல மாவட்டங்களில் உள்ள ஜவகர் சிறுவர் மன்றம் கலை கற்பிக்கிறதுதான். ஆனால் கடைக்கோடிக் கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தொலைவு.

ஓட்டை ஆசிரியர் நியமனத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு பேருக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பள்ளிகளில் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன் வழியில் 2012இல் நியமிக்கப்பட்டவர்களுக்கு வாரம் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பிறகு சம்பளம் உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை தெருவில் அமர்ந்தார்கள். அந்தச் சட்டமும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், 500 மதிப்பெண்; அதில் கலைக்கு இடமில்லை. ‘போர்ஷன்’ முடியவில்லை என்றால் கணக்கு ஆசிரியர் முதலில் கேட்டு வாங்குவது ஓவியப் பீரியடைத்தான்.

பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவே பரிந்துரைத்தது. சரியான பரிந்துரைதான். ஆனால் அதைப் பொதுத்தேர்வுக்குள் தள்ளினால், ‘கரகாட்டம்: சிறுகுறிப்பு வரைக’ என்பதில் போய் முடியும், கரகம் தலையில் ஏறாது. பிள்ளை ஆண்டு முழுவதும் வரைந்ததையும் பாடியதையும் நடித்ததையும் பார்த்து, ஆசிரியரே பள்ளி அளவில் மதிப்பிடுவது போதும்.

திருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் இரண்டு பாடவேளை, முழுநேர ஆசிரியர், உள்ளூர்க் கலைஞருக்கு வகுப்பறையில் ஓர் இடம்: இவை இருந்தால்தான் அந்த மேடைக்கு அர்த்தம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எத்தனை பரிசு வந்தது என்று கேட்பதற்கு முன்னால், இந்த வாரம் ஓவிய வகுப்பு நடந்ததா என்று பெற்றோர் கேட்க வேண்டும்.