வரியும் பெயரும்

போர்க்களத்தில் எவ்வேந்தன் படையெனத் தெரிதற்கே போந்தையும் வேம்பும் ஆரும் சூடப்பெற்றன என்பது தொல்காப்பியப் புறத்திணையியற் கருத்து. உருமறைப்பு உடையோ அணிந்தோனைக் கண்ணுக்குப் புலப்படாது காப்பது. 2009 வரை நிகழ்ந்த ஈழப்போரில் விடுதலைப் புலிகளின் வரிச்சீருடை இவ்விரண்டையும் ஒருங்கே செய்தது: காட்டில் ஆளை மறைத்தது, யாழ்ப்பாணத் தெருவில் இயக்கத்தின் பெயரை உரைத்தது. கடற்புலிகளுக்கு அது நீலவரியாயிற்று.

பழைய படையுடைகளைத் திரட்டுவோர் வரியின் அகலம், சாயம், தையல், முத்திரை ஆகியவற்றைக் கொண்டு நாடும் காலமும் துணிவர். வியட்நாமில் 1960களில் பரவிய புலிவரியோடு இதனை ஒப்பிட்டும் காண்பர். நுண்ணிய முறையே, எனினும் நிறைவுடையதன்று. 2023இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியில் என்புகளோடு சீருடைத் துணிகளும் வெளிப்பட்டன. அங்கு வினவப்படுவது வரியின் பெயரன்று, அணிந்தவரின் பெயர். பூவைச் சொன்ன புறத்திணை மரபு, வீழ்ந்தவன் பெயர் பொறித்த நடுகல்லையும் சொன்னது. துணியை ஆராய்வோர்க்கும் அதுவே நெறி.