மேடை இருக்கிறது, வாத்தியார் எங்கே?

பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் பெரிய கலைவிழா எது என்று கேட்டால் டெல்லியில் கலா உத்சவ் என்பார்கள். போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்துப் பூப்பாறையில் கேட்டால் கலோத்சவம் என்பார்கள். மலையிறங்கி வந்து சிலமலையில் கேட்டால் கலைத்திருவிழா என்பார்கள். மூன்றையும் பக்கத்திலிருந்தே பார்க்க முடிவதால், ஒன்றை வைத்து மற்றொன்றை எடைபோடும் வசதி தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு உண்டு. ஆனால் அப்படி யாரும் எடைபோட்டதாகத் தெரியவில்லை. பரிசளிப்புப் படம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்ததோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கலா உத்சவ் 2015இல் தொடங்கியது. மத்தியக் கல்வி அமைச்சகம் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக நடத்துவது; மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று படிகள். தமிழ்நாட்டின் கலைத்திருவிழா 2022இல் வந்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நான்கு படி. முதல் ஆண்டு அரசுப் பள்ளிகளின் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடந்தது, பிறகு ஒன்றாம் வகுப்புக் குழந்தை வரை விரிந்தது. 2023 ஜனவரியில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் முதலமைச்சர் ஸ்டாலின் பரிசு கொடுத்தார். கலையரசன், கலையரசி என்று பட்டம். சிறந்த 20 பேருக்கு வெளிநாட்டுப் பயணம் என்ற அறிவிப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போடி மலையடிவாரத்தில் விடியும் முன்பே ஜீப்புகள் ஏறிவிடும். ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் திரும்பி வர இருட்டிவிடும். அந்த வீட்டுப் பிள்ளையைப் பாட்டு கிளாஸுக்கோ பரதநாட்டியத்துக்கோ கூட்டிக்கொண்டு போக ஆள் கிடையாது, பணமும் கிடையாது. பள்ளிக்கூடமே மேடை போட்டுக் கூப்பிட்டால்தான் அந்தப் பிள்ளைக்குக் குரல் இருப்பது வெளியே தெரியும். ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதுதான் கலை என்றிருந்த பள்ளிகளில், வில்லுப்பாட்டும் களிமண் பொம்மையும் போட்டிப் பட்டியலில் ஏறியதும் நல்ல மாற்றமே.

எல்லாவற்றையும்விடப் பெரிது பறை. சாவு வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் என்று ஒதுக்கி, அடிப்பவனைத் தெருவோரம் நிறுத்திய கருவி அது. இன்று அதை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளி வாசல் வழியாகவே உள்ளே போகிறார்கள். தலைமையாசிரியர் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இந்த ஒன்றுக்காகவே நான் கலைத்திருவிழாவுக்கு ஓட்டுப் போடுவேன்.

ஆனால் அந்தப் பறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வட்டாரப் போட்டிகள் பெரும்பாலும் ஐப்பசி மழையில் வருகின்றன. ஈரக் காற்றுக்குத் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திக் காய்ச்சினால்தான் சத்தம் எழும். போட்டி நடக்கும் பள்ளியில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். ‘அடுத்து நீங்கதான்’ என்று ஒருவர் அவசரப்படுத்துவார். காயாத பறை ‘தொப் தொப்’ என்று ஒலிக்க, அடுத்து வரும் குழு ஃபைபர் பறையோடு வந்து கணீரென்று அடித்துவிட்டுப் போகும். நடுவருக்குக் கேட்டது எதுவோ அதற்குத்தான் மதிப்பெண். நடுவர் மேல் தப்பில்லை. கையில் கடிகாரம், முன்னால் வரிசையாகப் பதினைந்து இருபது குழுக்கள். பறையடி மெல்ல ஏறி ஆட்டமாகச் சூடு பிடிக்கும் முன்பே ஒதுக்கிய ஐந்தாறு நிமிடம் முடிந்துவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று ஆண்டு போனால், நேரத்துக்குள் அடங்கும் பறை மட்டும்தான் பள்ளியில் மிஞ்சும்.

அடுத்தது, யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற கேள்வி. எனக்கு இதுதான் விஷயத்தின் மையம். 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்தில் மூன்று அரைநாள், தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அது 12,500 ஆனது. அவர்களிலும் இசைக்கு என்று வந்தவர்கள் ஒரு பகுதிதான். கிராமத்துப் பள்ளியில் பாட்டு வாத்தியார் என்று ஒருவரைப் பார்த்த நினைவு எத்தனை பேருக்கு இருக்கும்? அதனால் சுற்றறிக்கை வந்தவுடன் தமிழாசிரியர் கிராமியப் பாட்டுக்கும், பி.டி. மாஸ்டர் ஒயிலாட்டத்துக்கும் பொறுப்பாகிவிடுகிறார். யூடியூபைப் போட்டு ஸ்டெப் எடுக்கிறார்கள். சொந்தக் காசில் சேலை வாடகைக்கு எடுத்து, மேக்கப் போட்டு, வேன் பிடித்துக் கூட்டிப்போகும் டீச்சர்களை நான் குறைசொல்லவே மாட்டேன். இந்த விழாவைத் தாங்கி நிற்பது அவர்கள்தான். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பெயர் ஏற்றுவதும் அவர்கள் வேலையே. அதற்கிடையில் காலாண்டுத் தாள் திருத்தமும் உண்டு.

போடி ஏல மையத்துக்கு வரும் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று தரம் பிரிப்பார்கள். சல்லடை காயை வளர்க்காது. நம் போட்டிகளும் அப்படித்தான் ஆகிவிட்டன. வீட்டில் ஏற்கெனவே நாட்டியம் கற்றவளையும், மதுரைக்குப் போய் மிருதங்கம் படித்தவனையும், பரம்பரையாக உறுமி அடிக்கும் வீட்டுப் பையனையும் சரியாகப் பிரித்து எடுத்துவிடுகின்றன. பள்ளி கற்றுக்கொடுத்தது என்ன என்பது அந்த முடிவில் தெரிவதே இல்லை. வென்ற பிள்ளையின் படத்துக்குக் கீழே பள்ளியின் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும்.

கலா உத்சவின் கதை இன்னும் விசித்திரம். தொடக்க ஆண்டுகளில் அது குழுப் போட்டியாக இருந்தது. அத்தோடு பிள்ளைகள் தங்கள் பகுதியின் ஒரு கலையைத் தேடிப் போய், கலைஞர்களைச் சந்தித்து, ஆவணம் தயாரிக்க வேண்டும். அதையும் சேர்த்தே மதிப்பிட்டார்கள். கலையை ஊரிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவர அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. 2018இல் அதைத் தனிநபர் போட்டியாக மாற்றினார்கள். வாய்ப்பாட்டு, கருவி, நடனம், ஓவியம் என்று ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று. 2020இல் கொரோனா வந்து எல்லாம் காணொளிக்குப் போனது. நடத்துகிறவர்களுக்குத் தனிநபர் போட்டி சுலபம், செலவும் குறைவு. ஆனால் போடி வட்டாரத்துக் கலைகளை எண்ணிப் பாருங்கள். தேவராட்டம், தப்பாட்டம், ஒயில், கும்மி எல்லாமே கூட்டத்துக் கலைகள்.

தேவராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜகம்பளத்து நாயக்கர்கள் ஆடுவது. போடி ஜமீனும் அந்தச் சமூகத்தார் வைத்திருந்ததுதான். பாட்டு கிடையாது. தேவதுந்துபி என்று சொல்லும் உறுமியின் அடிக்குக் கால் வைத்து, கைக்குட்டையை வீசி, வரிசையாக ஆடுவது. முன்னால் ஆடும் பெரியவரைப் பார்த்துப் பின்னால் நிற்கும் சிறுவன் பழகுவான். அதில் ஒருவனை மட்டும் உருவி மேடையில் நிறுத்தினால், ஆட்டம் உடற்பயிற்சி மாதிரி இருக்கும். கலா உத்சவில் குழுப் பிரிவுகள் இப்போது மறுபடி வந்திருக்கின்றன, மரபுக் கதைசொல்லல்கூட சேர்ந்திருக்கிறது. தவறு என்று வாய்விட்டுச் சொல்லாமல் சரிசெய்துகொண்டார்கள், அதுவரைக்கும் சந்தோஷம். பழைய ஆவண வேலையையும் அதே முக்கியத்துவத்தோடு கொண்டுவந்திருக்கலாம்.

இனி மலைக்கு அந்தப் பக்கம். கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957இல் தொடங்கியது. 1958இல் வாய்ப்பாட்டில் முதல் பரிசு வாங்கியவர் கே.ஜே. யேசுதாஸ், மிருதங்கத்தில் முதல் பரிசு பி. ஜெயச்சந்திரன். வாத்தியத்தில் வென்றவரும் பிறகு பாடகராகவே பேர் வாங்கினார் என்பதைப் போட்டி முடிவுகளை வேதவாக்காக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது அந்தப் பெருமையை அல்ல, அவர்கள் பட்ட பாட்டை. 1986இல் கலாபிரதிபா, கலாதிலகம் என்று பட்டம் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் கலாபிரதிபா நடிகர் வினீத். மஞ்சு வாரியரும் கலாதிலகமாக இருந்தவர். பட்டம் சினிமாவுக்கு நுழைவுச்சீட்டு ஆனதும் பெற்றோர் லட்சக்கணக்கில் இறக்கினார்கள். முடிவு பிடிக்காதவர்கள் அப்பீல் என்று நீதிமன்றப் படியேறினார்கள். கடைசியில் 2006இல் பட்டங்களை எடுத்துவிட்டு, கிரேடு முறைக்கு மாறினார்கள். வென்றவர்களுக்குத் தேர்வில் கொடுக்கும் கருணை மதிப்பெண் இருக்கும்வரை அங்கே பெற்றோரின் பதற்றம் முழுதாகத் தீராது. 117½ பவுன் தங்கக் கோப்பைக்கு மாவட்டங்கள் மோதுவதும் நிற்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்குப் பட்டம் கட்டுவதன் கெடுதியை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்டுப் பதினாறு ஆண்டு கழித்து நாம் கலையரசன் என்று எடுத்து மாட்டியிருக்கிறோம். பதிமூன்று வயதுப் பையனுக்கு ‘அரசன்’ எதற்கு என்று கேட்க ஆளில்லை.

அதே கலோத்சவத்தில் பாராட்ட வேண்டிய ஒரு காரியமும் நடந்தது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் முதல்முறையாக ஐந்து பழங்குடி ஆட்டங்களைப் போட்டியில் சேர்த்தார்கள். மங்களம்களி, பணியர் ஆட்டம், இருளர் ஆட்டம், மலைப்புலையர் ஆட்டம், பளியர் ஆட்டம். பளியர்கள் நம் தேனி மாவட்ட மலைச்சரிவுகளிலும் வாழ்கிறவர்கள். அவர்கள் ஆட்டத்துக்கு இங்கே தனிப் பெயரில் ஒரு பிரிவு வரவில்லை, மலைக்கு அங்கே வந்துவிட்டது. அதில் ஒரு சிக்கல் உண்டு. பழங்குடி அல்லாத பிள்ளைகள் உடை கட்டி ஆடி ஏ கிரேடு வாங்கிப் போவது யாருக்கு நன்மை? என் கணக்கு இதுதான்: சொல்லிக்கொடுக்கப் பளியரையே கூப்பிட்டு, அதற்குச் சம்பளம் கொடுத்து, அவர்கள் சொல்வதே இலக்கணம் என்று நடுவர்கள் ஏற்றால் நன்மை. காணொளியைப் பார்த்து வேறொருவர் பழக்கினால் அது வெறும் வேஷம். கலோத்சவத்தில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலுக்கும் இடம் உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுபான்மை மொழிக்கும் ஓரத்துக் கலைக்கும் இடம்விடும் விஷயத்தில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல்.

பரிசு வாங்கிய பிறகு என்ன? தமிழகக் கலை பண்பாட்டுத் துறையில் மாவட்டக் கலை மன்றங்கள் வழியாகக் கலை இளமணி விருது இருக்கிறது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பிறகு வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று வயதேற மணியும் ஏறும். சங்கீத நாடக அகாதெமியின் பிஸ்மில்லா கான் இளையோர் விருது 40 வயது வரை. அரசாங்கக் கணக்கில் கலைஞனுக்கு இளமை நெடுநாள் நீடிக்கிறது! இவை எல்லாம் ஒருநாள் சால்வையும் சான்றிதழும் பணமும். ஆனால் டெல்லியின் சி.சி.ஆர்.டி. என்ற பண்பாட்டுப் பயிற்சி நிறுவனம் 1982 முதல் வேறு மாதிரி ஒரு காரியம் செய்துவருகிறது. 10 முதல் 14 வயதுக்குள் பிள்ளைகளைத் தேர்ந்து, ஆண்டுக்கு 3,600 ரூபாயும் குருவுக்கான கட்டணமாக 9,000 ரூபாய் வரையும் கொடுத்து, பட்டப்படிப்பு வரை நீட்டிக்கிறது. தொகை இந்தக் காலத்துக்குச் சிறிது. ஆனால் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது: கற்பதற்கு. சென்னை ஐஐடியும் 2025–26இல் கலையில் தேர்ந்தவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியது, ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும் என்பதால் அது சிலமலைப் பறைக்காரப் பையனுக்கு இப்போதைக்கு எட்டாது.

கலைத்திருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் முதலில் இழப்பது ஏலத் தோட்டத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். வெளிநாட்டுப் பயணத்துக்கும் நேரு அரங்க விழாவுக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கை வட்டாரத்துக்குத் திருப்புங்கள். அந்தந்த ஊரின் உறுமிக்காரர், பறைக்காரர், கும்மிப் பாட்டுக்காரப் பாட்டி ஆகியோரை ஜூன் மாதமே பயிற்றுநராக நியமித்து, நாள்கூலி பேசி, வாரம் இரண்டு மணி நேரம் பள்ளிக்கு வரவையுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு செய்தவர்கள் பட்டியல் அரசிடமே இருக்கிறது. தோல் கருவி வாசிக்கும் குழுக்களுக்குப் போட்டி வளாகத்தில் தீ மூட்ட ஒரு மூலையும் பதினைந்து நிமிடமும் ஒதுக்குங்கள். மதிப்பெண் தாளையும் நடுவர் குறிப்பையும் தோற்ற குழுக்களுக்கும் கொடுங்கள். கலையரசன், கலையரசி பட்டங்களை அடுத்த ஆண்டோடு கைவிடுங்கள்.