போகப் போகப் புடிச்சிடுமா?

போன தை மாதம் ஆவடியில் சித்தி வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். சித்தியின் மகள் பி.காம் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். மாப்பிள்ளைப் பையனோடு மொட்டை மாடியில் பத்து நிமிடம் பேச விட்டார்கள். கீழே இறங்கி வந்தவள் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த என்னிடம் சொன்னாள்.

"எனக்குப் புடிக்கலக்கா. அவரு பேசுனாரு, அவரே பதிலும் சொல்லிக்கிட்டாரு. நான் பேச ஆரம்பிச்சா ஃபோனைப் பார்க்கிறாரு."

சித்தி அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னார். "பத்து நிமிஷத்துல என்னடி தெரியும்? கதிரும் முல்லையும் மொதல்ல எப்படி இருந்தாங்க? எலியும் பூனையுமா இருந்தாங்கல்ல? அப்புறம் எப்படி ஆனாங்க? போகப் போகப் புடிச்சிடும்."

நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் நானும் கதிர்-முல்லை ரசிகைதான். என் சிரிப்பைச் சித்தி தனக்குக் கிடைத்த ஆதரவாக எடுத்துக்கொண்டார். தங்கச்சியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அந்தச் சிரிப்புக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சீரியல் பார்க்காத தோழிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபரில் விஜய் டிவியில் தொடங்கி 2023 அக்டோபர் வரை ஓடிய தொடர் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்'. மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளின் கூட்டுக் குடும்பம். மூத்தவர் மூர்த்தி, அவர் மனைவி தனம். தம்பி ஜீவாவுக்கு என்று பேசி வைத்த பெண் முல்லை. ஜீவா விரும்புவதோ மீனாவை. கடைசியில் ஜீவாவுக்கு மீனா, அடுத்த தம்பி கதிருக்கு முல்லை என்று கல்யாணம் முடிகிறது. கதிராகக் குமரன் தங்கராஜனும் முல்லையாக வி.ஜே. சித்ராவும் நடித்தார்கள்.

ஆரம்பத்தில் எனக்கு இரண்டு பேரையுமே பிடிக்கவில்லை. கதிர் முரடன். முல்லை வாய்த்துடுக்கு. இதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. ஆணின் முரட்டுத்தனத்தை 'கேரக்டர்' என்று ஏற்றுக்கொண்ட நான், பெண்ணின் துடுக்குத்தனத்தை 'ஓவர்' என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்படி நினைத்தது நான் மட்டுமில்லை. 'இந்தப் பொண்ணு அடங்கி ஒடுங்கி வாழுமா?' என்பதுதான் எங்கள் தெருவில் முல்லையைப் பற்றி வந்த முதல் விமர்சனம். எந்த மருமகளைப் பற்றியும் வருகிற முதல் விமர்சனமும் அதுதானே!

சில மாதங்களில் எல்லாம் மாறிப்போனது. கதை நகர்ந்ததா என்றால், சீரியலில் கதை எப்போது வேகமாக நகர்ந்திருக்கிறது? ஒரு ஜாதகப் பேச்சு இரண்டு வாரம், ஒரு வளைகாப்பு மூன்று வாரம். ஆனாலும் கதிரும் முல்லையும் வந்தால் கரண்டியைக் கையில் பிடித்தபடியே சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டோம். கேட்டால் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "அவங்களுக்குள்ள கெமிஸ்ட்ரி."

'கெமிஸ்ட்ரி' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்திலிருந்து நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவை நடன நிகழ்ச்சிகள். 'ஜோடி நம்பர் ஒன்', 'மானாட மயிலாட' காலத்தில் நடுவர்கள் வாய்க்கு வாய் சொன்ன சொல் அது. இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, ஏதோ ஜாதகப் பொருத்தம் மாதிரி வானத்திலிருந்து இறங்குகிற விஷயம் என்பது போலத்தான் அதைப் பேசுவோம். நான் அப்படி நினைக்கவில்லை. கதிர்-முல்லை காட்சித் துண்டுகள் இன்றும் யூடியூபில் கிடைக்கின்றன. ஒன்றைப் போட்டு, வசனம் பேசுகிறவரை விட்டுவிட்டு, பேசாமல் நிற்கிறவரை மட்டும் பாருங்கள்.

பொதுவாக நம் சீரியல்களில் ஒருவர் பேசினால் மற்றவர் அதிர்ச்சி அடைவார். அவர் முகத்தை மூன்று முறை கேமரா நெருங்கிக் காட்டும், பின்னணி இசை இடி இடிக்கும். அங்கே கேட்பது என்ற வேலையே நடப்பதில்லை. தன்னுடைய முறை வரும்வரை காத்திருப்பதுதான் நடக்கிறது. கதிர்-முல்லை காட்சிகளில் அப்படி இல்லை. கதிர் முணுமுணுக்கும்போது சித்ராவின் கண்கள் அதை வாங்கும். சிரிப்பு வரும், அதை உதட்டுக்குள் மடித்து வைப்பார், அதற்குப் பிறகே பதில் வரும். அவர் வெடுக்கென்று ஒன்றைச் சொன்னால், அது கதிரின் தோளிலும் நடையிலும் போய் விழுந்தது தெரியும். ஒருவர் சொன்னது மற்றவருக்குள் இறங்குகிறது. கெமிஸ்ட்ரி என்று நாம் ரசித்தது அதைத்தான். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சாதாரணமான பெயர் இருக்கிறது: காது கொடுத்துக் கேட்பது.

முல்லை அடங்கிப் போனதால் கதிருக்கு அவளைப் பிடித்துப்போகவில்லை. கடைசிவரை அவள் வாய் அப்படியேதான் இருந்தது. கதிர் கேட்க ஆரம்பித்ததால், நாமும் கேட்க ஆரம்பித்தோம். முதலில் துடுக்காகத் தெரிந்தது, பிறகு அறிவாகவும் நகைச்சுவையாகவும் தெரிந்தது. முல்லை மாறவில்லை, அவளை நாம் கேட்ட விதம் மாறியது. கதிர் மீதிருந்த அபிப்பிராயமும் மாறியது, ஆனால் அதற்கு அவன் மாற வேண்டியிருந்தது. இந்த வித்தியாசம் முக்கியம்.

ஏனென்றால் எல்லா ஜோடியும் இப்படி இல்லை. கோபத்திலோ பழிவாங்கவோ ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தில் அவள் சம்மதமில்லாமல் தாலி கட்டுகிற காட்சியை நாம் எத்தனை தொடர்களில் பார்த்திருக்கிறோம்! முதல் நாள் அவள் அவனை வெறுக்கிறாள். அந்த வெறுப்பு நியாயமானது. சட்டத்தின் கண்ணிலும் நியாயமானது. ஆனால் நூறு எபிசோடுக்குள் ஒரு மழை, ஒரு காய்ச்சல், கால் தடுக்கி விழுந்து அவன் கையில் தாங்கப்படுதல், பின்னால் ஒரு இளையராஜா பாட்டு. அவள் வெறுப்பு கரைந்துவிடும். நம் வெறுப்பும் கரைந்துவிடும். அவன் அந்தத் தாலிக்காக ஒருமுறையாவது மன்னிப்புக் கேட்டானா என்று யோசிக்கவே மாட்டோம். இங்கே கெமிஸ்ட்ரி ஒரு அழிப்பான் வேலை செய்கிறது. முதல் நாள் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்ததோ, அதை அவள் மறக்கும்படியும் நாம் மறக்கும்படியும் செய்கிறது.

ஆக, முதல் அபிப்பிராயம் மாறுவதில் இரண்டு வகை இருக்கிறது. கேட்டுக் கேட்டு மாறுவது ஒன்று. களைத்துப் போய் மாறுவது இன்னொன்று. திரையில் இரண்டுக்கும் ஒரே பாட்டைத்தான் போடுகிறார்கள்.

கெமிஸ்ட்ரி என்றால் ஆணும் பெண்ணும்தான் என்ற கணக்கையும் ஒரு தொடர் மாற்றிக் காட்டியது. 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை சன் டிவியில் வந்த திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்'. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவைத்தான் ஊரே பேசியது. 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது, வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் பலர் கலங்கினார்கள். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் காத்திருந்தது அந்த வீட்டுச் சமையலறைக்காக. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி ஆகிய மூன்று மருமகள்கள். நான்காவதாக ஜனனி வருகிறாள். ஆரம்பத்தில் அந்த மூன்று பேரையும் பார்த்தால் எரிச்சல்தான் வரும். படித்தவர்கள் ஏன் இப்படிப் பயந்து சாகிறார்கள், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் பேசுகிறார்கள் என்று தோன்றும்.

பிறகு அவர்கள் அடுப்படியில் ஒன்றாக நிற்கத் தொடங்கினார்கள். கனிகா, பிரியதர்ஷினி, ஹரிப்பிரியா, மதுமிதா நால்வரும் காய் நறுக்கிக்கொண்டே ஒருவர் வசனத்தை மற்றவர் பிடித்துக்கொள்கிற வேகமும், வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் நான்கு பேரும் ஒரே நொடியில் மௌனமாவதும் போதும். அந்த ஒரு நொடி மௌனத்தில், அவர்கள் பின்னால் பேசுவது கோழைத்தனம் இல்லை என்பது புரிந்தது. முன்னால் பேசவே முடியாத வீட்டில், பின்னால் பேசுவதுதான் உயிரோடிருப்பதற்கான வழி. நந்தினியின் நக்கல் எனக்கு எரிச்சலூட்டியதும், பிறகு அதே நக்கலுக்காக இரவு 9.30 மணிக்குக் காத்திருந்ததும் ஒரே நான்தான். ஒரு பெண்ணை நாம் அவள் கணவனுக்கு அருகில் வைத்து மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். இன்னொரு பெண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால்தான் மீதி தெரியும்.

இதையெல்லாம் எழுதும்போது சித்ராவைத் தாண்டிப் போக முடியவில்லை. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டி இருக்கிறது. தமிழ் பிக்பாஸ் வீடும் அந்த வளாகத்தில்தான். நாம் பேருந்தில் கடந்துபோகிற அந்த மதில் சுவருக்குப் பின்னால் பல நூறு பேர் வேலைக்கு வந்து போகிறார்கள். எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களைப் போல, அவர்களும் வேலை முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள். 2020 டிசம்பர் 9 அதிகாலையில், அங்கே படப்பிடிப்பை முடித்துவிட்டு நசரத்பேட்டையில் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பிய சித்ரா இறந்துபோனார். வயது 28. வழக்கு நடந்தது. 2024இல் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட கணவரை விடுவித்தது. அதற்குள் நான் போகவில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது, அந்த நாட்களில் செய்திகளிலும் யூடியூப் சேனல்களிலும் அவர் எப்படிப் பேசப்பட்டார் என்பது. முல்லையாக அவர் நடித்த நெருக்கமான காட்சிகள் விவாதப் பொருளாயின. நாம் ரசித்து, பகிர்ந்து, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்த அதே காட்சிகள். திரையில் அவருக்குப் பாராட்டு வாங்கித் தந்த வேலை, அவர் இறந்த பிறகு அவர் நடத்தை பற்றிய கேள்வியாகிவிட்டது. சக நடிகரைப் பார்த்து அப்படி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அது வேலைதான் என்பது அதன் பிறகு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முல்லையாக முதலில் காவ்யா அறிவுமணி வந்தார், பிறகு லாவண்யா வந்தார். அதே வீடு, அதே கதிர், அதே பெயர். "ஒட்டவே இல்ல" என்றோம். கெமிஸ்ட்ரி கதையில் இருந்திருந்தால் அது எங்கும் போயிருக்காது. மக்கள் தொலைக்காட்சியில் தொகுப்பாளராக, 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் நகைச்சுவை நடிகையாக, வருடக்கணக்கில் சித்ரா பழகிச் சேர்த்த நேரக் கணக்கு அது. எப்போது சிரிப்பை அடக்குவது, எப்போது விடுவது என்ற தொழில் திறமை. அதை நாம் காதல் என்று பார்த்தோம். பின்னால் வந்த இரு பெண்களையும், வேறொரு பெண்ணின் உழைப்பை அளவுகோலாக வைத்து முதல் நாளே நிராகரித்தோம். நாட்கள் போனபின் அவர்களையும் ஏற்றுக்கொண்டோம். அவர்களும் தங்கள் பங்குக்கு உழைக்க வேண்டியிருந்தது.

இப்போது ஆவடி சமையலறைக்குத் திரும்புகிறேன். சித்தியின் உதாரணம் சரியானதுதான், ஆனால் அது சித்திக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. கதிர்-முல்லை ஜோடி நமக்குப் பிடித்துப்போனது நாள் போனதால் அல்ல. பேசுவதைக் கேட்கிற இரண்டு பேர் அங்கே இருந்ததால். மொட்டை மாடியில் பத்து நிமிடத்தில் தங்கச்சி கவனித்தது சரியாக அதைத்தான். 'பேச ஆரம்பித்தால் ஃபோனைப் பார்க்கிறார்.'

ஒரு வாரம் கழித்து அவளிடம் ஃபோனில் சொன்னேன். "உன் முதல் அபிப்பிராயம் தப்பாகூட இருக்கலாம். வேணும்னா இன்னொரு தடவை பேசிப் பாரு. ஆனா அது மாறணும்னா அவரு ஏதாவது செய்யணும். நாள் போனா மட்டும் போதாது." அவள் இன்னொரு முறை பேசினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சித்திக்கு என்மேல் கோபம். நேரில் போய்ச் சமாதானம் செய்தபோது, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "எனக்கு மட்டும் ஒங்க சித்தப்பாவ மொத நாளே புடிச்சிதா? முப்பது வருஷம் ஓடல?"

"இப்போ புடிக்குதா சித்தி?"

டம்ளரை என் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பழகிடுச்சு" என்றார்.