விளிம்பு காடியில் அமர்ந்ததா?

கான்ஸ்டன்ட் வேக்யூம் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டும் வேலையில் ஒரு மெக்கானிக்கின் செய்நேர்த்தியை எடைபோட, ஜெட்டை எவ்வளவு பளபளப்பாகத் துடைத்தார் என்று பார்க்க வேண்டியதில்லை. மேல்மூடியைத் திரும்ப மாட்டும் சில நிமிடங்களைக் கவனித்தால் போதும். மெல்லிய ரப்பர் டயாப்ரம், அதன் தடித்த விளிம்பு, அது உட்கார வேண்டிய வட்டக் காடி ஆகிய மூன்றுக்குள் சோதனை முடிந்துவிடுகிறது. இந்த விளிம்பை உட்காரவைக்க நம் பட்டறைகளில் நான்கு முறைகள் வழங்குகின்றன. நான்கும் ஒரே தரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அளவுகோலை முதலில் வகுத்துக்கொள்வோம். டயாப்ரத்துக்குக் கீழே வெளிக்காற்றின் அழுத்தம். மேலே, டயாப்ரத்தோடு பிணைந்த ஸ்லைடின் அடித்துளை வழியாக வந்துசேரும் வெஞ்சூரியின் குறையழுத்தம். இந்த வித்தியாசம்தான் ஸ்பிரிங்கை மீறி ஸ்லைடைத் தூக்குகிறது. கூடவே நீடில் ஏறிப் பெட்ரோலுக்கு வழிவிடுகிறது. விளிம்பு ஓரிடத்தில் காடியை விட்டு விலகினாலும் காற்று மேலறைக்குள் புகுந்து வித்தியாசத்தைக் கரைத்துவிடும். ஐடிலிங்குக்கு ஸ்லைடு ஏற வேண்டியதில்லை என்பதால் வண்டி சுலபமாக ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் சீராக ஓடும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் இழுக்காது. பழியைப் பிளக் மீதும் கிளட்ச் மீதும் போட்டுக் காசைக் கரைப்பவர்கள் பலர். ஆகவே அளவுகோல் இரண்டு. காற்றடைப்பு முழுமையாக இருக்க வேண்டும்; அடுத்த முறை பிரிக்கும்போது ரப்பர் சேதமின்றிக் கழன்று வர வேண்டும்.

முதல் முறை, அமுக்கி மாட்டுவது. ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும்பும். எழும்பியதை ஸ்குரூடிரைவர் முனையால் உள்ளே தள்ளி, அது மறுபடி எழுவதற்குள் மூடியை வைத்து இறுக்கிவிடுவார்கள். வேகம் இதன் ஒரே சிறப்பு. மூடிக்கும் உடலுக்கும் நடுவே பிறைவடிவில் சிக்கிக்கொண்ட ரப்பர், ஸ்குரு இறுக இறுக நசுங்கி அந்த இடத்திலேயே வெட்டுப்படுகிறது. இரண்டு அளவுகோலிலும் தோற்கும் முறை இது; மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

சிலிக்கான் பேஸ்ட் தடவி ஒட்டுவது இரண்டாவது. அன்றைய தினத்துக்குக் காற்றடைப்பு கிடைத்துவிடும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலையும் அதன் ஆவியையும் தாங்குவதில்லை. ஊறி, கெட்டித்தன்மை இழந்து, துணுக்குகளாக உதிர்கிறது. அந்தத் துணுக்கு காற்றுவழியிலோ ஜெட்டிலோ போய் அடைத்தால், கழுவி முடித்த கார்புரேட்டரை மறுபடி முழுவதும் பிரிக்க வேண்டும். அப்போது ரப்பரும் பேஸ்டோடு கிழிந்து வரும். இன்றைய அடைப்புக்காக நாளைய டயாப்ரத்தை அடகு வைக்கும் இந்த முறையைச் சில நல்ல கைகளும் கையாள்வதுதான் வருத்தம்.

மூன்றாவது முறையில் காடிக்குள் கடுகளவு கிரீஸை இழுத்துவிட்டு விளிம்பைப் பதிக்கிறார்கள். இதற்கு நியாயம் இருக்கிறது. கிரீஸ் பசையாகிவிடுவதில்லை, மூடி வரும்வரை விளிம்பைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். குறை, கிரீஸின் அளவில்தான் வருகிறது. டயாப்ரத்தின் ஓரத்தில் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது பொருந்தும் இடத்தருகே காற்றுவழி உண்டு. கை தாராளமான மெக்கானிக் அந்த வழியையே கிரீஸால் மூடிவிடுவதுண்டு. அளவறிந்த கைக்கு மட்டும் இது தேறும்.

நான்காவது முறையில் பசையும் இல்லை, பலப்பிரயோகமும் இல்லை. ஏர் ஃபில்டர் பக்கத்து வாய்க்குள் ஒரு விரலை விட்டு ஸ்லைடைச் சற்றே உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஸ்லைடு அடியில் கிடக்கும்போது டயாப்ரத்தின் மடிப்பு உள்நோக்கி இழுபட்டு விளிம்பைக் காடியிலிருந்து பெயர்க்கிறது. உயர்த்தியதும் அந்த இழுப்பு தளர்ந்து, விளிம்பு சுற்றிலும் தானாகப் படுத்துக்கொள்கிறது. நாக்கை அதன் இடத்தில் பொருத்தி, ஸ்பிரிங் கோணாமல் மூடியை வைத்து, எதிரெதிர் ஸ்குருக்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிய பிறகே விரலை எடுக்க வேண்டும். விளிம்பு ஏன் எழும்புகிறது என்ற காரணத்தையே நீக்குவதால், நான்கில் இதுதான் முறைமை என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது.

இதிலும் உட்கார மறுக்கும் டயாப்ரம் உண்டு. பெரும்பாலும் அது கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே பட்டு உப்பிய ரப்பர். சுற்றளவு காடியை மீறி வளர்ந்துவிட்டதால் எந்த விரல் வித்தையும் பலிக்காது. நிழலில் காற்றாட விட்டுவைத்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் மறுநாளைக்குள் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். வெயிலில் போட்டு அவசரப்படுத்துவது ரப்பரின் ஆயுளைத்தான் குறைக்கும். பேஸ்ட் முறையும் அமுக்கும் முறையும் பிறந்ததே இந்த ஒரு நாள் காத்திருக்க மனமில்லாததால் என்பது என் கணிப்பு. உடலில் ஸ்ப்ரே அடிக்கும் முன் ஸ்லைடை வெளியே எடுத்து வைத்திருந்தால் பிரச்சினையே எழுந்திராது.

வடிவமைப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு. 1969-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்75/5 வண்டியின் பிங் கார்புரேட்டரில் டயாப்ரம் ஸ்லைடோடு ஸ்குருவால் பிணைக்கப்பட்டது. ரப்பரை மட்டும் தனியே மாற்றலாம், தவறாகப் பொருத்தாதபடி விளிம்பில் அடையாளக் குமிழும் உண்டு. தண்டர்பேர்டு 350, பல்சர் 220 போன்ற நம் வண்டிகளில் நாம் பார்த்த மிக்குனி வழி வடிவங்களில் ஸ்லைடும் டயாப்ரமும் ஒரே உதிரிபாகமாகவே விற்கப்படுகின்றன. நம்பகமான பொருத்தம் இதன் நிறை. ரப்பரில் ஊசித்துளை விழுந்தாலும் முழு ஸ்லைடுக்கும் விலை தர வேண்டியிருப்பது குறை. அந்தத் துளையைக் காண டயாப்ரத்தை விளக்குக்கு நேரே பிடித்து, ஸ்லைடின் கழுத்தை ஒட்டிய மடிப்பை விரித்துப் பாருங்கள். மடங்கி மடங்கி நைவது அங்கேதான். பஞ்சர் பசை போட்டு ஓட்டுவது வீடு போய்ச் சேரும்வரைக்கு மட்டும்.

2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபின் புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இருக்கும் டயாப்ரங்களைக் காப்பது இனி வண்டிக்காரர்களின் பொறுப்பும்கூட. அடுத்த முறை மூடி மாட்டும்போது பக்கத்தில் நின்று, மெக்கானிக்கிடம் ஒரு சோதனை கேளுங்கள்: ஸ்லைடை விரலால் உயர்த்தி, கார்புரேட்டர் வாயிலுள்ள டயாப்ரத்தின் காற்றுவழியைக் கட்டைவிரலால் அடைத்து, ஸ்லைடை விட்டுவிடச் சொல்லுங்கள். அது மெல்ல இறங்கினால் கூலியை மனநிறைவோடு கொடுக்கலாம். பொத்தென்று விழுந்தால் மூடியைக் கழற்றி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.