ஒரு பல் பின்னுக்கு

சூரியகந்தவிலிருந்து றக்வான பக்கம் இறங்கும் புலுத்தோட்ட வளைவுகளில் ஒரு பழைய மொரிஸ் மைனர் நிதானமாக வருவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோசம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்த கார். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். தானாகச் சரிப்படுத்திக்கொள்ளாது, லைனர் தேயத் தேய பெடல் கீழே போகும்.

இரண்டு தரம் மிதித்ததும் பெடல் மேலே வந்தால், பிரேக் ஷூ டிரம்மிலிருந்து தள்ளி நிற்கிறது. பஞ்சுபோல அமுங்கினால் பிரேக் லைனில் காற்று. அட்ஜஸ்ட் பண்ணிப் பயனில்லை. ஒரு பக்கம் இழுத்தால் டிரம்மைக் கழற்றியே பார்க்க வேண்டும், சிலிண்டர் கசிந்து லைனரில் பிரேக் ஒயில் படிந்திருக்கலாம்.

அட்ஜஸ்ட் பண்ணுவதுதான் அழகு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டிரம்மிலுள்ள துளையை அட்ஜஸ்டருக்கு நேரே கொண்டுவந்து, டிரம் இறுகும்வரை திருப்பி, பிறகு ஒரு பல் பின்னுக்கு விடுவார் மெக்கானிக் பாஸ். கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் கேட்கலாம், பிடிக்கக் கூடாது. பிடித்தால் இறக்கத்தில் டிரம் கொதித்து, தேவையான நேரத்தில் பிரேக் கைவிடும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை விரலும் காதும் அளக்கின்றன! முன்சக்கரத்தில் இரண்டு அட்ஜஸ்டர், இரண்டாவதை மறப்பவர்கள் உண்டு. ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொடுவது எல்லாம் முடிந்த பிறகுதான்.