ஐந்து பேர் ஏறியதும் லெவல் 2 எங்கே போகிறது?

மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும், அந்த ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். இதுதான் ரீஜென். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைப் பல கார்களில் 0, 1, 2, 3 என்று நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். அந்த 2, எத்தனை பேருக்கான 2 என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒரு சிறிய எஸ்யூவியை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறக்கிப் பார்த்தேன். முதலில் தனியாக, பிறகு ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானுமாக. காரின் பெயர் வேண்டாம். இந்தக் குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதல்ல.

தனியாக இறங்கியபோது லெவல் 2 அருமை. கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் காலை எடுத்தால் போதும், வண்டி தானாக அடங்கி, திரும்புவதற்கு வேண்டிய வேகத்துக்கு வந்து நிற்கிறது. பிரேக் மிதியைத் தொட வேண்டிய வேலை அநேகமாக வரவில்லை. மலைப்பாதை டிரைவர்கள் ‘ஏறின கியர்லயே இறங்கு’ என்பார்கள். கியரே இல்லாத வண்டியில் அந்த வேலையை ரீஜென் செய்துவிடுகிறது, அதிலும் சத்தமில்லாமல்.

ஐந்து பேரோடு வந்தபோது அதே சாலை, அதே லெவல், காலை எடுத்த இடமும் ஏறக்குறைய அதே. வண்டி அடங்கவில்லை. அடங்கவேயில்லை என்று சொல்ல முடியாது. இழுவை இருப்பது தெரிகிறது, ஆனால் வளைவு அதற்குள் வந்துவிடுகிறது. கால் பிரேக்குக்குத் தாவியது. பின்சீட்டிலிருந்து அத்தை, “மெதுவாப் போப்பா, யாரு துரத்துறாங்க?” என்றார். ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள பேடிலைத் தட்டி லெவல் 3க்குப் போனபிறகுதான் முந்தைய 2இன் சுகம் ஓரளவு திரும்பியது.

காரணம் எளிது. லெவல் என்பது மோட்டார் இழுக்கும் விசையின் அளவு; வண்டி எவ்வளவு வேகமாக அடங்கும் என்ற உத்தரவாதம் அல்ல. கார் 1,400 கிலோ என்றால், ஓட்டுபவரோடு 1,470. இன்னும் நான்கு பேரும் 50 கிலோ சாமானும் ஏறினால் 1,800. லெவல் 2இல் மோட்டார் 1,500 நியூட்டன் விசையோடு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால், சமதளத்தில் தனி ஆளுக்கு ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 1.02 மீட்டர் குறையும், ஐந்து பேருக்கு 0.83. ஐந்தில் ஒரு பங்குதான் வித்தியாசம், சென்னைப் போக்குவரத்தில் யாரும் கவனிக்கப் போவதில்லை.

சரிவில் கதை வேறு. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் சாலையில், எடை எதுவானாலும் புவியீர்ப்பு இந்த எண்ணிலிருந்து 0.59ஐப் பிடுங்கிக்கொள்கிறது. தனி ஆளுக்கு மிச்சம் 0.43. ஐந்து பேருக்கு 0.24. எடை கூடியது 22 சதவீதம்தான், அடங்கும் திறனோ பாதிக்கு அருகில் போய்விட்டது. அத்தைக்குப் புரிந்தது இதுதான்.

மோட்டாருக்குத் திராணி இல்லாமல் இப்படி நடக்கவில்லை. இந்தச் சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்தை அப்படியே பிடித்து இறங்க, நிறைந்த வண்டிக்கும் 9 கிலோவாட் அளவுக்குத்தான் உறிஞ்ச வேண்டியிருக்கும். இந்த அளவு மோட்டாருக்கு அது சிற்றுண்டி. தவிர, எடை கூடினால் திரும்பக் கிடைக்கக்கூடிய மின்சாரமும் கூடுகிறது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 300க்கும் கீழே. இடையிலுள்ள 1,200 மீட்டர் உயரத்தில் தனி ஆளோடு தேங்கியிருக்கும் ஆற்றல் 4.8 யூனிட், ஐந்து பேரோடு 5.9. டயர், காற்று, மோட்டார் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டாலும் கணிசமாகத் திரும்பும். அதிகம் கிடைக்கவேண்டிய நேரத்தில் நாம் பிரேக் மிதியைத் தேடுகிறோம். ரீஜெனையும் சாதா பிரேக்கையும் கலந்து கொடுக்கும் மிதியாக இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். இல்லையென்றால் எடை கூடியதால் வந்த அந்த ஒரு யூனிட்டும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகும்.

ஏறிய எடைக்கேற்ப பிரேக்கை மாற்றுவது மெட்ரோ ரயிலில் பழைய சங்கதி. பெட்டியைத் தாங்கும் காற்று ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தை வைத்தே எவ்வளவு கூட்டம் ஏறியிருக்கிறது என்று ரயில் தெரிந்துகொள்கிறது. அதற்கேற்ப இழுவையையும் பிரேக்கையும் கூட்டிக் குறைக்கிறது. அதனால்தான் காலி ரயிலும் பிதுங்கி வழியும் ரயிலும் பிளாட்பாரத்தில் ஒரே மாதிரி வந்து நிற்கின்றன. சரக்கு ஏற்றும் வேன்களிலும் பின் அச்சின் மேல் வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்துப் பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு வெகுகாலமாக உண்டு.

காருக்குக் காற்று ஸ்பிரிங் வேண்டாம். புது சென்சாரே வேண்டாம் என்பது என் கட்சி. சீட்டு சென்சார் ஆள் இருக்கிறாரா என்று மட்டும்தான் சொல்லும். டிக்கியில் இருக்கும் அரிசி மூட்டை அதற்குத் தெரியாது. ஆனால் மோட்டார் எவ்வளவு விசை கொடுக்கிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரியும். வண்டி எவ்வளவு வேகம் எடுத்தது, சாலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் சென்சார்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை, அதாவது நாம் பேச்சில் சொல்லும் எடை: பள்ளிக்கூடப் பாடம். தெருமுனைக்குப் போவதற்குள் வண்டி தன் எடையை ஓரளவு கணித்துவிடலாம். பிறகு லெவல் 2 என்றால் ‘இவ்வளவு விசை’ என்பதற்குப் பதிலாக ‘இவ்வளவு அடங்குதல்’ என்று மென்பொருளில் மாற்றி எழுதினால் முடிந்தது. ஹூண்டாய், கியா கார்களில் வரும் தானியங்கி ரீஜென் முன்னால் போகும் வண்டியின் தூரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வெளியே நடப்பதைப் பார்க்கத் தெரிந்த வண்டி, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம்.

எடை பார்க்கும் ரீஜென் இன்னும் அவசரமாகத் தேவைப்படுவது ஸ்கூட்டரில். 110 கிலோ ஸ்கூட்டரில் 70 கிலோ ஆள் போனால் 180. பின்னால் 65 கிலோவில் ஒருவர் ஏறினால் 245. ஒரே ஆள் ஏறியதில் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. ஸ்கூட்டரில் ரீஜென் பிடிப்பது பின்சக்கரத்தை. தனியாக, மழைச்சாலையில் பலமான ரீஜென் வைத்தால் அந்தச் சக்கரம் வழுக்கலாம். பின்னால் ஆள் இருந்தாலோ அதே சக்கரத்துக்குப் பிடிப்பு கூடுகிறது, கூடுதல் இழுவையைத் தாங்கும். எடைக்கேற்ற ரீஜென் இங்கே இரண்டு பக்கமும் லாபம். ஏத்தர் 2024இல் 450 ஏபெக்ஸில் கொண்டுவந்த முறையில், த்ராட்டிலை எதிர்ப்பக்கம் முறுக்கினால் ரீஜென் கூடும். எடைக்கு ஏற்ப அளப்பது அங்கே ஓட்டுபவரின் மணிக்கட்டு. இப்போதைக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு: டெஸ்ட் டிரைவில் நீங்களும் சேல்ஸ்மேனும் மட்டும் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, கிடைத்த மேம்பாலத்தில் இறங்கிப் பாருங்கள். ரீஜென் லெவலை மாற்ற ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் இருக்கிறதா என்று பாருங்கள். நெக்ஸான் ஈவியில் 0 முதல் 3 வரை அப்படித்தான் மாற்றலாம். தொடுதிரையில் மூன்று மெனு தாண்டிப் போய் மாற்றும் வண்டியை மலைக்குக் கொண்டுபோக நான் துணியமாட்டேன். ஏற்காட்டில் தங்கும் விடுதியில் சார்ஜர் இருந்தாலும் 80 சதவீதத்தோடு கழற்றிவிடுங்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. பல வண்டிகள் ரீஜெனைக் குறைத்துவிடும், முதல் வளைவிலேயே.

பிரேக் விளக்கையும் ஒருமுறை சோதியுங்கள். ஐ.நா. வாகன விதிப்படி ரீஜெனால் ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் விளக்கு எரிந்தே ஆகவேண்டும், 0.7க்கும் 1.3க்கும் இடையில் அது கம்பெனியின் இஷ்டம். இருட்டியபிறகு ஒரு சுவரை முதுகுப்பக்கம் வைத்து மெதுவாக நகர்த்தி, காலை எடுத்தால் சிவப்பு விழுகிறதா என்று பார்த்துப் பயனில்லை, அந்த வேகத்தில் ரீஜென் சரியாக வேலை செய்யாது. பின்னால் நண்பர் ஒருவரை இன்னொரு வண்டியில் வரச்சொல்லி, ஒவ்வொரு லெவலிலும் எப்போது விளக்கு எரிகிறது என்று போனில் சொல்லச் சொல்லுங்கள்; ஸ்பீக்கரில் பேசுவது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராக இருக்கட்டும்.