ஓவியர் டைக்கான்

பழமையைப் போற்றுவது வேறு. பழமைக்கு அடிமையாவது வேறு. ஜப்பானிய ஓவியர் யோக்கொயாமா டைக்கான் (1868–1958) இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். மேனாட்டு எண்ணெய் வண்ணம் ஓங்கிய நாளிலும் பட்டையும் மையையும் அவர் கைவிட்டிலர். எனினும் முன்னோர் போற்றிய கோட்டை நீக்கி, வண்ணச் சாயலாலேயே மூடுபனியைத் தீட்டினார். 'மங்கல் ஓவியம்' என எள்ளினர் பலர். 1903-ம் ஆண்டில் கல்கத்தா சென்று தாகூர் குடும்பத்து ஓவியருடன் அளவளாவினார். 1923-ம் ஆண்டில் அவர் தீட்டிய மைச்சுருளின் நீளம் 40 மீட்டர். அதில் நீர்த்துளி ஓடையாகி, ஆறாகிக் கடலாகி, மீண்டும் வானேகும் காட்சி எம் நெஞ்சை அள்ளுகிறது.

ஆனால் 1940-ம் ஆண்டில் மலையும் கடலுமாகிய 20 ஓவியங்களை விற்று, அப்பொருளைப் போர் விமானங்களுக்கு ஈந்தார். அப்போரில் சயாம் இரயில் பாதைக்கு உற்றாரைப் பலிகொடுத்த மலாயாத் தமிழர் யாம் இதனை மறத்தல் ஒல்லுமோ? அவர்தம் கலையைப் போற்றுவோம், பிழையை மறைக்கமாட்டோம்.